நீலம் வந்தால் கோகைன்தானா?

தடய அறிவியல் ஆய்வகத்தில் பிரிக்கப்படும் பொட்டலத்தில் இருக்கும் வெள்ளைத் தூள் ஹெராயினாகவும் இருக்கலாம், மாவாகவும் இருக்கலாம். முதலில் செய்வது நிறச் சோதனை. பீங்கான் தட்டின் ஒரு குழியில் குண்டூசித் தலையளவு தூளைப் போட்டு, மேலே ஒரு சொட்டு வினைப்பொருளை, அதாவது தூளோடு வினைபுரிந்து நிறம் காட்டும் திரவத்தை, விடுவார்கள். பக்கத்துக் குழியில் தூளே இல்லாமல் வெறும் வினைப்பொருள். இன்னொரு குழியில் இன்னதென்று முன்பே தெரிந்த பொருள். வினைப்பொருள் கெட்டுப்போயிருந்தால் இந்த இரண்டு குழிகளும் காட்டிக்கொடுத்துவிடும்.

இவற்றில் பழம்பெரும் வினைப்பொருள், எட்வர்ட் மார்க்கிஸ் என்ற மருந்தியலாளர் 1896-இல் விவரித்தது. அடர் கந்தக அமிலமும் ஃபார்மால்டிஹைடும்தான் சரக்கு. மார்ஃபின், ஹெராயின் போன்ற மூலக்கூறுகள் புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சுவதால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. ஃபார்மால்டிஹைடு இரண்டு மூலக்கூறுகளை ஒரு கார்பன் பாலத்தால் இணைக்கிறது. அமிலம் நீரை உருவியெடுக்கிறது. இப்படி உருவாகும் மின்னேற்றம் கொண்ட பெரிய அமைப்பில் எலக்ட்ரான்கள் தாராளமாகப் பரவுவதால், அது கண்ணுக்குப் புலப்படும் ஒளியையே உறிஞ்சத் தொடங்குகிறது. குழியில் ஊதா நிறம் படர்கிறது. ஊக்க மருந்துகளான ஆம்பெட்டமின் வகைகள் ஆரஞ்சு நிறமாகிப் பழுப்பில் முடியும். ஆஸ்பிரின்கூடச் சிவக்கும், சர்க்கரையோ அமிலத்தில் கருகிப் பழுப்பாகும்.

கோகைனுக்கான சோதனை இன்னும் சுவாரசியமானது. கோபால்ட் தயோசயனேட் கரைசல் இளஞ்சிவப்பாக இருக்கும். அதில் ஒவ்வொரு கோபால்ட் அயனியையும் ஆறு துணைகள் சூழ்ந்திருக்கின்றன. கோகைனிலுள்ள நைட்ரஜன் ஒரு புரோட்டானை ஏற்று நேர்மின் அயனியாகி வந்து சேர்ந்ததும், கோபால்ட் நான்கு தயோசயனேட்டுகளோடு நான்முகி வடிவத்துக்கு மாறி அதனுடன் இணை சேர்கிறது. துணைகளின் எண்ணிக்கையும் வடிவமும் மாறியதுமே நிறம் பளிச்சென்ற நீலமாகிவிடுகிறது.

சிக்கலும் இங்கேதான். வினைப்பொருள் முழு மூலக்கூறையும் பார்ப்பதில்லை; அதிலுள்ள அமீன் தொகுதியை, அதாவது அந்த நைட்ரஜன் இருக்கும் பகுதியைத்தான் உணர்கிறது. பல் மருத்துவர் மரத்துப்போகச் செலுத்தும் லிடோகைனிலும், ஒவ்வாமைக்குத் தரும் டைஃபென்ஹைட்ரமினிலும் அது உண்டு. அவையும் நீலம் காட்டும். லிடோகைனைக் கோகைனோடு கலந்து விற்கும் வழக்கமும் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

ஸ்காட் சோதனை இந்தச் சல்லடையைச் சற்று நெருக்கமாக்குகிறது. நீலம் வந்தபின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் கரைசல் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். பிறகு குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்கினால் அடியில் தங்கும் குளோரோஃபார்ம் அடுக்கு நீலமாக வேண்டும். போலிகள் பல இதில் கழிந்துவிடும்; எல்லாமே கழிந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. சாலையோரத்தில் போலீஸ் கையிலிருக்கும் சிறு சோதனைப் பை காட்டும் நிறத்தை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்பது, என் பார்வையில், அநியாயம்.

அதனால் ஆய்வகம் அடுத்ததாக, கலவையைப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்பியும், மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் நிறையை அளக்கும் நிறைமாலைமானியும் இணைந்த கருவிக்குப் போகிறது. நிறை 303 கொண்ட கோகைன் மூலக்கூறு அங்கே உடைந்து 182, 82 ஆகிய எண்களில் உயரமான கோடுகளைத் தருகிறது. லிடோகைனில் ஓங்கி நிற்பது 86. தட்டில் இரண்டும் ஒரே நீலம்தான், இங்கே பிரிந்துவிடுகின்றன.