ஆங்கிலப் பாட்டுக்கு எதற்கு ஆங்கில சப்டைட்டில்?

லண்டனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "இங்கிலிஷ் நேஷனல் ஆபராவில் ரோசினியின் 'செவில் நகர நாவிதன்' பார்த்தேன். இத்தாலிய நகைச்சுவை ஆபராவை மொழிபெயர்த்து ஆங்கிலத்தில்தான் பாடினார்கள். அப்புறம் ஏன் மேடைக்கு மேலே ஆங்கில வரிகள் ஓடுகின்றன?"

2005இல் அந்தக் குழு இதைத் தொடங்கியபோதே பெரிய சண்டை நடந்தது. உச்சரிப்பு சரியில்லை என்று பாடகர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் உச்ச சுரங்களில் கோளாறு இயற்பியலில் இருக்கிறது.

200 ஹெர்ட்ஸில் பேசினால் 200, 400, 600 என்று மடங்குகளாக ஒலிகள் கிளம்பும்; பள்ளியில் படித்ததுதான். வாயும் தொண்டையும் சேர்ந்த குழாய் அவற்றில் சிலவற்றை மட்டும் ஓங்கச் செய்கிறது. எவை ஓங்குகின்றன என்பதை வைத்துத்தான் இது 'ஈ', இது 'ஆ' என்று காது பிரிக்கிறது. குழாய் இப்படி ஓங்கச் செய்யும் அதிர்வெண்ணுக்கு ஒத்ததிர்வு என்று பெயர். பெண் குரலில் 'ஈ'க்கு முதல் ஒத்ததிர்வு சுமார் 300 ஹெர்ட்ஸ். 'ஆ'வுக்கு 800ஐத் தாண்டும்.

இப்போது சோப்ரானோ, அதாவது மிக உயர்ந்த பெண் குரல் கொண்ட, பாடகி 1,050 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறுகிறார். அதற்குக் கீழே ஒலியே கிடையாது, அடுத்தது 2,100இல்தான். 300இல் ஓங்கச் செய்ய என்ன இருக்கிறது? பந்தலுக்குக் கால்கள் நெருக்கமாக நின்றால்தானே துணியின் மேடுபள்ளம் தெரியும்? இங்கே ஒலிகள்தான் கால்கள்; மூலைக்கு ஒன்றுதான் நிற்கிறது.

இதோடு நிற்கவில்லை. மைக் இல்லாமல் இசைக்குழுவை மீறிக் கேட்கவேண்டுமே! பாடகி தாடையை இறக்கி வாயை அகலத் திறந்து, முதல் ஒத்ததிர்வையே தான் பாடும் சுரத்தோடு சேர்த்து மேலே தூக்குகிறார். குரல் அரங்கை நிறைக்கிறது. 'ஈ'யும் 'ஊ'வும் 'ஆ' பக்கம் சாய்ந்துவிடுகின்றன. 2004இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள், பாடகிகள் பாடிக்கொண்டிருக்கும்போதே உதட்டருகே வேறோர் ஒலியைச் செலுத்தி, வாய் அதை எப்படி மாற்றுகிறது என்று அளந்தே காட்டினார்கள். எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. பாடகியின் தொண்டையை அளக்கவா வரிப்பணம் என்று முகம் சுளிப்பவர்கள் கையிலிருக்கும் செல்போனைப் பார்க்கட்டும்: குரலைச் சுருக்கி அனுப்ப அதுவும் இந்தக் குழாய்க் கணக்கைத்தான் நம்பியிருக்கிறது.

நகைச்சுவைக்கு இது பெரும் ஆபத்து. சிரிக்கவைக்கும் சொல் உச்ச சுரத்தில் விழுந்தால் ஜோக் அங்கேயே காலி. கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் 'ஆ' ஒலியுள்ள சொல்லை வைப்பார். 'ஸ்வீட்' போன்றவை வேண்டாம். முக்கியமான சொல்லைத் தாழ்ந்த சுரத்தில் ஒருமுறை சொல்லவைத்துவிட்டு மேலே அதையே திரும்பப் பாடவைப்பது இன்னொரு வழி. இதே ஆபராவில் வரும் டாக்டர் பார்த்தோலோ மாதிரியான கனத்த ஆண் குரலுக்கு இந்தக் கவலை குறைவு. 100 ஹெர்ட்ஸ் பக்கம் மடங்குகள் நெருங்கி நிற்பதால், படபடவென்று கொட்டினாலும் உயிரொலிகள் பிழைத்துக்கொள்கின்றன.

மிச்சத்துக்குத்தான் மேலே ஓடும் வரிகள். அதிலும் ஒரு சிக்கல்: பாடிக் கேட்பதைவிடப் படிப்பது வேகம். வரி ஒரு நொடி முந்தினாலும் பாடகர் வாய் திறப்பதற்குள் அரங்கம் சிரித்துவிடும். அதனால் இசைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஒவ்வொரு வரியையும் நேரம் பார்த்து விடுகிறார்.