எலியை இளைக்க வைத்த குடம்புளி

வாசகி ஒருவர் மாத்திரைப் புட்டி ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். "குடம்புளிச் சத்து என்று போட்டிருக்கிறது சார். பழங்கால மூலிகைதானே? எடை குறையுமா? குறையாவிட்டாலும் கெடுதல் ஒன்றும் இல்லையே?"

முதலில் இந்தப் 'பழங்கால' சமாச்சாரத்தைப் பார்த்துவிடலாம். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் குடம்புளி இல்லாமல் மீன்குழம்பு கிடையாது. இலங்கையில் இதைக் கொறக்கா என்பார்கள். பழம் குட்டிப் பூசணி மாதிரி வரிவரியாக, மஞ்சளாக இருக்கும். தோலைக் கீறி வெயிலிலும் அடுப்புப் புகையிலும் காயவைத்தால் கரிக்கட்டை போல் கறுத்துவிடும். வெந்நீரில் ஊறப்போட்டால் புளிப்போடு புகை வாசமும் வரும். நாட்டு வைத்தியத்தில் வயிற்றுக் கோளாறுக்கும் வாதத்துக்கும் கொடுப்பார்கள். தொந்தியைக் கரைக்கும் என்ற பெயரை அதற்கு வாங்கிக் கொடுத்தது ஓலைச்சுவடி அல்ல, ஆய்வகம்.

1965இல் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் லூயிஸ், நீலகண்டன் இருவரும் குடம்புளியின் புளிப்புக்குக் காரணமான பொருளை அடையாளம் கண்டார்கள். அதன் பெயர் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தில் ஒரே ஒரு 'ஓஎச்' (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நான்கு வருடம் கழித்து, 1969இல், அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் லோவன்ஸ்டைன் குழு அந்த ஒற்றை ஓஎச் செய்யும் குறும்பைக் கண்டுபிடித்தது. எனக்கு உயிர்வேதியியலில் ரொம்பப் பிடித்த இடம் இது.

சோறு குளுக்கோஸாகி செல்லுக்குள் போவதும், அது உடைந்து, செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அசிட்டைல் கோ-ஏ ஆவதும் பள்ளியில் படித்ததுதான். அசிட்டைல் என்பது இரண்டு கார்பன் சரக்கு. சக்தி வேண்டுமென்றால் அதை அங்கேயே எரிக்கலாம். தேவைக்கு மேல் இருந்தால் கொழுப்பாக்கிச் சேமிக்கலாம். சிக்கல் என்னவென்றால், கொழுப்பு செய்யும் பட்டறை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே இருக்கிறது. அசிட்டைல் கோ-ஏயோ அந்தச் சுவரைத் தாண்ட முடியாதது.

செல் என்ன செய்கிறது தெரியுமா? இரண்டு கார்பன் சரக்கை நான்கு கார்பன் வண்டி ஒன்றில் ஏற்றுகிறது. இரண்டும் நாலும் ஆறு. ஆறு கார்பன் கொண்ட சிட்ரேட் தயார். சிட்ரேட்டுக்குச் சுவரில் வாசல் உண்டு. வெளியே வந்ததும் ஏடிபி சிட்ரேட் லயேஸ் என்ற நொதி (என்சைம்) அதைப் பிடித்து மறுபடியும் இரண்டாகவும் நாலாகவும் பிளக்கிறது. சரக்கு பட்டறைக்குப் போகிறது, வண்டி வேறு வழியாக உள்ளே திரும்புகிறது. இப்படி எட்டு லோடு இறக்கினால் பதினாறு கார்பன் நீளமுள்ள ஒரு கொழுப்பு அமிலம்.

குடம்புளி அமிலம் கைவைப்பது அந்தப் பிளக்கும் இடத்தில். நொதியின் பிடிக்குள் அது சிட்ரேட் போலவே போய் உட்கார்ந்துகொள்கிறது. அசல் சிட்ரேட்டைவிட நூறு மடங்குக்கு மேல் இறுக்கம். நொதிக்கு அதைப் பிளக்கவும் முடியாது, சுலபமாக விடவும் முடியாது. வெளியே சரக்கு இறங்காமல் பட்டறை சும்மா கிடக்கும். இதில் இன்னொரு நுணுக்கம்: ஓஎச் எந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் முக்கியம். புளிச்சகீரை இனத்துச் செடியிலும் இதே பெயருள்ள அமிலம் உண்டு. அதில் ஓஎச் வேறு திசை பார்க்கும். அதை இந்த நொதி அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை.

1970களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈரலில் கொழுப்பு உற்பத்தி குறைந்தது, பசி குறைந்தது, எடை ஏறுவதும் குறைந்தது. வியாபாரிகளுக்கு இது போதாதா!

மனிதரில் நடந்த பேர்போன சோதனை 1998இல் வந்தது. நியூயார்க்கில் ஹேம்ஸ்ஃபீல்ட் குழு, எடை கூடிய 135 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குத் தினம் 1500 மில்லிகிராம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம், மறுபாதிக்குப் பார்வைக்கு அதேபோன்ற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று எடை போடுகிறவருக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் நார்ச்சத்து மிகுந்த, கலோரி குறைந்த சாப்பாடு. 12 வாரம்.

குடம்புளி சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ இளைத்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ!

வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான், வெற்று மாத்திரை ஜெயித்தது என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த இரண்டாவது குழு இல்லாமல் சோதனை நடந்திருந்தால் விளம்பரம் எப்படி வந்திருக்கும்? 'மூன்றே மாதத்தில் 3.2 கிலோ.' பொய்யும் இல்லை. 'எங்க அத்தைக்குக் குறைஞ்சுது' என்பதும் பெரும்பாலும் இதே கதைதான். மாத்திரை வாங்குகிற அன்றே அத்தை சர்க்கரையையும் குறைத்திருப்பார்.

நார்ச்சத்து மருந்தை உறிஞ்ச விடவில்லை, அளவு போதவில்லை என்று குடம்புளிக் கட்சிக்காரர்கள் வாதாடினார்கள். இந்த அமிலம் காயும்போது லாக்டோன் என்ற வீரியம் குறைந்த வடிவமாக உருமாறும் என்பதும் மெய். அதனால்தான் கால்சியம், பொட்டாசியம் உப்பாக்கி விற்கிறார்கள். 2011இல் ஒன்பது சோதனைகளைக் கூட்டிப் பார்த்தபோது கிடைத்த கூடுதல் இளைப்பு 0.88 கிலோ. அவற்றில் கட்டுக்கோப்பாக நடந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த வித்தியாசமும் நிற்கவில்லை.

ஏன் எலிக்குப் பலித்தது நமக்குப் பலிக்கவில்லை? எலியின் ஈரல் மாவுச்சத்திலிருந்து மும்முரமாகக் கொழுப்பு செய்யும். நாம் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டில் அந்த வேலை கொஞ்சம்தான் நடக்கிறது. நம் இடுப்பில் சேர்வதில் பெரும்பங்கு ஏற்கனவே கொழுப்பாகவே வாய்க்குள் போனது. பரோட்டாவில் ஊற்றிய எண்ணெய்க்குச் சிட்ரேட் வண்டியே வேண்டாம். சோறு அதிகமானால் உடல் அதை முதலில் எரித்துவிட்டு, எண்ணெயைப் பத்திரப்படுத்தும். ஆளே போகாத தெருவுக்குப் பூட்டுப் போட்டால் என்ன பயன்?

அதே நொதியை அடைத்துப் பலன் கண்ட மருந்து ஒன்று உண்டு: பெம்பிடோயிக் அமிலம். 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொலஸ்டிராலுக்கும் மூலப்பொருள் அதே அசிட்டைல்தான், அதனால் கெட்ட கொலஸ்டிரால் இறங்குகிறது. எடை குறைக்கும் மருந்தல்ல. கொலஸ்டிராலுக்கு வழக்கமாகத் தரும் ஸ்டேடின் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களை வைத்துக் கிட்டத்தட்ட 14,000 பேரிடம் சோதித்தார்கள், மாரடைப்பு முதலான பெரிய இதய ஆபத்துகள் 13 சதவீதம் குறைந்தன.

இத்தனை பேரை வைத்துச் சோதிக்கக் கோடிக்கணக்கில் செலவாகும். தெருவோரம் காய்க்கிற பழத்துக்குக் காப்புரிமை கிடைக்காது, ஆகவே எந்தக் கம்பெனியும் அவ்வளவு பணத்தைக் கொட்டாது. அரசு பணம் போக வேண்டிய இடம் இதுதான் என்பது என் கட்சி. நம் சட்டப்படி, பழைய நூலில் உள்ளபடி அதே நோய்க்குச் செய்யும் சித்த, ஆயுர்வேத மருந்துக்குப் புதிதாகப் பலனை நிரூபிக்க வேண்டியதில்லை. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொன்ன ஊர், அந்தக் கொள்ளையும் வெற்று மாத்திரை வைத்துப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

இனி, கெடுதல் உண்டா என்ற அந்தக் கடைசிக் கேள்வி. குடம்புளிச் சத்து சேர்ந்திருந்த பிரபலமான ஓர் எடைக்குறைப்பு மாத்திரையைப் பற்றி 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. ஈரல் பாதிப்பு உட்பட 23 கடுமையான புகார்கள், அவற்றில் ஓர் உயிரிழப்பு. அது பல சரக்குகள் கலந்தது என்பதால் அன்று பழியைக் குடம்புளிமேல் மட்டும் போட முடியவில்லை. பிற்பாடு தனிக் குடம்புளி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஈரல் கெட்டது பதிவானது. இப்படிப் பாதிக்கப்பட்டவர்களிடம் குறிப்பிட்ட ஒரு மரபணு வகை மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாமல் சிலருக்கு மட்டும் ஏன் ஆகிறது என்பதற்கு அது ஓரளவு விளக்கம். மீன்குழம்பில் போடும் இரண்டு சுளைக்கும் நாளெல்லாம் விழுங்கும் செறிவூட்டிய சத்துக்கும் சம்பந்தமில்லை.

எனவே அம்மா, புட்டியை மூடி வைத்துவிடுங்கள். ஏற்கனவே சில வாரம் சாப்பிட்டிருந்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் உடம்பு அரித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போய் ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போகும்போது புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். 'மூலிகைதானே' என்று நம்மவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது இந்தப் புட்டியைத்தான்.