சிரா ஒயினில் மிளகு மணப்பது எப்படி?

பிரான்சின் லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் ஆற்றின் வலக்கரையில் சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்குக் கருங்கல் சரிவுகளில் அமைந்த தோட்டங்கள் சேன்-ஜோசஃப் என்ற பெயரில் ஒயின் தருகின்றன. இந்தப் பெயருக்கு 1956இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. இங்கு சிவப்பு ஒயினுக்கு உரிய திராட்சை சிரா. இது பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்ற கதை நெடுங்காலம் உலவியது. 1998இல் மரபணுச் சோதனை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆர்தேஷ் பகுதியின் தியூரேசா, சவோய் பகுதியின் மோந்தேஸ் பிளான்ஷ் ஆகிய இரண்டு பிரெஞ்சு ரகங்களின் கலப்பில் பிறந்ததே சிரா.

இந்த ஒயினை முகர்பவர்கள் கரும்பழங்களின் வாசனையோடு, அப்போதுதான் பொடித்த மிளகின் வாசனையையும் உணர்கிறார்கள். இது ஒயின் விற்பவர்களின் அலங்காரப் பேச்சு என்று எண்ணத் தோன்றும். ஆனால், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட முடிவு, மிளகுக்கு அந்த மணத்தைத் தரும் அதே மூலக்கூறுதான் சிராவிலும் இருக்கிறது என்று காட்டியது. அதன் பெயர் ரோட்டண்டோன். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கோரைக்கிழங்கில்தான் அது முதலில் கண்டறியப்பட்டது. மிளகின் மணத்துக்கு அது காரணம் என்பது அதன் பிறகு பல பத்தாண்டுகள் கழித்தே தெரியவந்தது.

சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே, அதாவது நூறு கோடி லிட்டரில் வெறும் 16 கிராம் கலந்திருந்தாலே, மூக்கு அதை அறிந்துவிடுகிறது. மிளகு மணம் தூக்கலாக உள்ள ஒயினைக் காட்டிலும் மிளகில் இது சுமார் 10,000 மடங்கு அதிகம். வியப்பு என்னவென்றால், அந்த ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தினருக்கு, லிட்டருக்கு 4,000 நானோகிராம் கலந்த வெறும் தண்ணீரில்கூட இந்த வாசனை தெரியவில்லை. ஒரே புட்டியைப் பகிர்ந்துகொள்ளும் இருவர் அதன் மணத்தைப் பற்றி வாதிட்டால், இருவரும் உண்மையே பேசிக்கொண்டிருக்கலாம்.

ரோட்டண்டோன் பெரும்பாலும் திராட்சையின் தோலில், பழம் கனியும் பருவத்தின் பிற்பகுதியில் சேர்கிறது. வெயில் கடுமையாகப் பட்ட பழத்தில் இது குறையும். குளிர்ச்சியான ஆண்டிலும் குளிர்ச்சியான சரிவிலும் கூடும். சிவப்பு ஒயின் செய்யும்போது சாற்றைத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவதால், அதில் ஒரு பகுதி ஒயினில் இறங்குகிறது. ஆனால் ஒயினில் மிளகின் மணம் மட்டுமே உண்டு, காரம் கிடையாது; மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் முற்றிலும் வேறு பொருள்.

தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் இன்னொரு பொருள் டானின். பாக்கை மெல்லும்போது வாய் வறண்டு இழுப்பது போன்ற துவர்ப்பை அதுவே தருகிறது, ஏனெனில் அது எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு வாயின் வழவழப்பைக் குறைத்துவிடுகிறது. கொழுப்பும் புரதமும் நிறைந்த ஆட்டுக்கால் வறுவலையோ, ஒயினிலேயே நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சியையோ இதனுடன் உண்டால் டானின் அவற்றோடும் பிணைவதால் துவர்ப்பு மென்மையாகிறது. உப்பு கசப்பைத் தணிக்கிறது. தைம், ரோஸ்மேரி போன்ற மூலிகைகளிலும் ரோட்டண்டோன் இருப்பதால், அவற்றைத் தூவிய ஆட்டிறைச்சி இந்த ஒயினோடு இயல்பாக ஒத்துப்போகிறது. பிரெஞ்சுச் சமையலில் இந்த இணைக்குக் கிடைத்திருக்கும் இடம் நியாயமானதே என்பேன்.

மிளகாய் மிகுந்த உணவு இதற்குச் சரிப்படாது. ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டிவிடும். மீனோடு சேர்ப்பதிலும் சிக்கல் உண்டு. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிப்பி இறைச்சியைப் பல ஒயின்களோடு சுவைக்கச் செய்தபோது, கவிச்சி வாடையைக் கிளப்பியது ஒயினில் உள்ள இரும்பு என்று தெரியவந்தது. அதை வேதிப்பொருளால் கட்டிப்போட்டதும் வாடை அடங்கியது. ஆக, இரும்பு குறைவான சிவப்பு ஒயின் என்றால் மீனோடும் பொருந்தக்கூடும்.