'என்று' வரும் இடத்தில் எல்லாம் 'தட்' போடாதீர்கள்

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சென்ற மின்னஞ்சலில் 'வீ டவுட் தட் த கார்ட்டன்ஸ் காட் வெட் ஆன் த ஷிப்' என்று ஒரு வரி இருந்தது. அட்டைப்பெட்டிகள் கப்பலில்தான் நனைந்திருக்க வேண்டும் எனச் சந்தேகிக்கிறோம் என்பதே எழுதியவர் சொல்ல நினைத்தது. கப்பலில் நனைந்திருக்கும் என்பதை இவர்களே நம்பவில்லை என்று படித்தவர் புரிந்துகொண்டார். அந்த வரிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பொருள். தவறு தங்கள் கிடங்கில் நடந்ததாக நிறுவனமே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. இழப்புத் தொகையை நிறுவனத்தின் கணக்கில் கழிப்பதாகச் சொல்லும் டெபிட் நோட்டும் வந்து சேர்ந்தது. அலுவலகக் கடிதங்களைத் திருத்துவது என் தொழில். இந்தப் பிழையை நான் பார்ப்பது இது முதல் முறையல்ல. பொறுப்போடு வேலை செய்யும் மனிதர்கள் ஒரே ஒரு வினைச்சொல்லால் பணத்தையும் நம்பிக்கையையும் இழப்பதைப் பார்த்துக்கொண்டு இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

தமிழில் சந்தேகம் என்ற சொல் இரண்டு பக்கமும் செல்லும். 'அவர் வருவாரா என்பது சந்தேகம்' என்றால் வரமாட்டார் என்ற பக்கம் நம் மனம் சாய்ந்திருக்கிறது. 'அவர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகம்' என்றால் எடுத்தார் என்ற பக்கம் சாய்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் வாக்கியம் கேள்வியா கூற்றா என்பதை வைத்து நாம் தடுமாறாமல் பொருள் கொள்கிறோம். ஆங்கிலம் இந்த வேலையை இரண்டு வினைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. 'டவுட் தட்' என்றால் நம்பவில்லை. 'சஸ்பெக்ட் தட்' என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கருதுகிறோம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் வாக்கியம் தலைகீழாகிவிடும். இலக்கணப் பிழை எதுவும் கண்ணில் படாது என்பதால் கணினியில் இருக்கும் திருத்தியும் இதைப் பெரும்பாலும் பிடிக்காது.

இதன் வேர், 'தட்' என்றால் 'என்று' என்ற நம்பிக்கை. எத்தனை முறை திருத்தினாலும் திரும்பத் திரும்ப முளைப்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 'என்று' என்பது 'என்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த வினையெச்சம். சொல்லி என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஆகவே ஒருவர் வாயிலிருந்து வரக்கூடிய எதையும் அது அப்படியே முழுதாக ஏந்திக்கொள்ளும்: வந்தான் என்று, வந்தானா என்று, எங்கே போனான் என்று, வா என்று. ஆங்கிலத்தின் 'தட்' முதலில் சுட்டுச்சொல்லாக இருந்து பிறகு இணைப்புச்சொல்லானது. அது வாக்கியத்தின் முன்னால் நிற்கும். நினைப்பதையும் அறிவதையும் குறிக்கும் வினைகளுக்குப் பின்னால் கூற்றை மட்டுமே ஏற்கும். கேள்வியை அது ஏற்காது. ஆம், இல்லை என்று விடை வரக்கூடிய கேள்வியானால் 'வெதர்' அல்லது 'இஃப்' வர வேண்டும். எங்கே, எப்போது, ஏன் என்ற கேள்வியானால் அந்த வினாச்சொல்லே இணைப்புச்சொல்லாகிவிடும். பக்கத்தில் இன்னொன்று தேவையில்லை. 'ஐ டோன்ட் நோ தட் வேர் ஹி வென்ட்' என்ற வரியில் 'தட்' செய்வதற்கு வேலையே இல்லை.

இந்த விதிகளை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். பள்ளியில் தன்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியில் கூற்றுக்குத் 'தட்', கேள்விக்கு 'இஃப்', கட்டளைக்கு 'டு' என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தீர்கள். சொன்னான், கேட்டான் ஆகிய வினைகளோடு மட்டும் அதை முடித்துவிட்டதால், நினைக்கிறேன், தெரியும், ஐயுறுகிறேன் போன்ற வினைகளுக்கும் பெரும்பாலும் அதே அட்டவணை பொருந்தும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆசிரியர்களே, அந்தப் பாடத்தை நடத்தும்போது இன்னும் ஒரு வகுப்பு நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

துணை வாக்கியத்துக்குள் நுழைந்த கேள்வி தன் சொல்வரிசையை விட்டுவிட வேண்டும். 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' தவறு, 'வேர் ஹி இஸ்' சரி. இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

விளக்க வேண்டியது 'தெரியும்' என்னும் நோ, 'நினைக்கிறேன்' என்னும் திங்க் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. 'அவர் எங்கே போனார் என்று தெரியுமா?', 'அவர் எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்?' என்ற இரண்டும் தமிழில் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன. விடையைப் பாருங்கள். முதல் கேள்விக்குத் தெரியும், தெரியாது என்பது விடை. இரண்டாவதற்கு ஓர் ஊரின் பெயர் விடை. எதைக் கேட்கிறோமோ அதை ஆங்கிலம் முதலில் வைக்கும். ஆகவே 'டு யூ நோ வேர் ஹி வென்ட்?' என்று கேட்க வேண்டும். ஆனால் 'வேர் டு யூ திங்க் ஹி வென்ட்?' என்று வினாச்சொல்லை முன்னால் கொண்டுவர வேண்டும். 'டு யூ திங்க் வேர் ஹி வென்ட்?' என்பது ஆங்கில வாக்கியமே அல்ல.

விசாரணைக்குப் பதில் எழுதுபவர்கள் அடுத்த செய்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். நோ, ரியலைஸ் போன்ற வினைகள் தமக்குப் பின்வரும் 'தட்' வாக்கியத்தை உண்மை என்று ஏற்றுக்கொண்ட பிறகே பேசத் தொடங்குகின்றன. திங்க், பிலீவ் அப்படி ஏற்பதில்லை. 1970-இல் பால் கிபார்ஸ்கி, கரோல் கிபார்ஸ்கி ஆகிய மொழியியலாளர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மொழியியலில் பரவலாக ஆராயப்பட்ட வேறுபாடு இது. தமிழிலும் இது இருக்கிறது. 'சீல் உடைந்தது எனக்குத் தெரியாது' என்றால் உடைந்தது உண்மை, அறியாதது நான். 'சீல் உடைந்ததா என்று எனக்குத் தெரியாது' என்றால் உடைந்ததா என்பதே உறுதியில்லை. முதலாவதை 'ஐ டிட் நாட் நோ தட் த சீல் வாஸ் புரோக்கன்' என்றும் இரண்டாவதை 'ஐ டு நாட் நோ வெதர் த சீல் வாஸ் புரோக்கன்' என்றும் எழுத வேண்டும். இரண்டாவதைச் சொல்ல நினைத்து முதலாவதை எழுதிக் கையெழுத்திட்டவர், சீல் உடைந்ததை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். பிறகு மறுத்தால், மாற்றிப் பேசுகிறார் என்ற பழியும் சேரும்.

சிறியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 'ஓட்டத் தெரியும்' என்பதை 'ஐ நோ டு டிரைவ்' என்று எழுதாதீர்கள். இடையில் 'ஹவ்' வேண்டும். விலகலாம் என்று நினைப்பதை 'ஐ திங்க் டு ரிசைன்' என்று எழுதாதீர்கள். 'ஐ ஆம் திங்கிங் ஆஃப் ரிசைனிங்' என்று எழுதுங்கள். 'ஐ ஆம் நோயிங்' வேண்டவே வேண்டாம். திங்க், நோ இரண்டுக்கும் பின்னால் 'தட்' இல்லாமல் எழுதுவது பிழையல்ல. இல்லாததைத் தேடிச் சிவப்பு மையால் சுழிக்கும் மேலாளர்கள் அதை நிறுத்தலாம். ஆனால் காலத்தைக் குறிக்கும் சொல் இடையில் வந்தால் 'தட்' என்பதை விட்டுவிடாதீர்கள். 'வீ ரியலைஸ்ட் ஆன் மண்டே த சீல் வாஸ் புரோக்கன்' என்றால் திங்கட்கிழமை உணர்ந்தீர்களா, திங்கட்கிழமை உடைந்ததா? மண்டேக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு 'தட்' வைத்தால் கேள்வி தீர்ந்துவிடும்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன், 'என்று' என்ற சொல்லுக்குள் இருப்பது கூற்றா கேள்வியா என்று தமிழிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. இழப்பீடு தொடர்பான கடிதங்களில் 'டவுட்' என்ற வினையை அறவே தவிர்த்து 'வீ பிலீவ்' அல்லது 'வீ டு நாட் பிலீவ்' என்று எழுதுங்கள். அதிலும் தயக்கம் இருந்தால் கலவை வாக்கியமே வேண்டாம். 'த கார்ட்டன்ஸ் ஆர் வெட். இன் அவர் வியூ, திஸ் ஹேப்பன்ட் ஆன் த ஷிப்' என்று இரண்டு தனி வாக்கியங்களாக எழுதினால் எந்த வாடிக்கையாளரும் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள முடியாது.