ஈசாப்: விற்காத பங்குக்கும் வரி உண்டு

ஆஃபர் லெட்டரில் ‘சம்பளம் 18 லட்சம், ஈசாப் 5 லட்சம்’ என்று இருந்தால் 23 லட்சம் என்று கூட்டிவிடாதீர்கள். அந்த 5 லட்சம் பணமல்ல. கம்பெனியின் பங்கை, இன்றே பேசி வைத்த விலையில் பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமை (ஆப்ஷன்), அவ்வளவுதான்.

கொடுத்த நாளிலிருந்து குறைந்தது 1 ஆண்டு கழித்தே அது ‘வெஸ்ட்’ ஆகும், அதாவது உங்களுக்கு உரியதாகும் என்பது சட்ட விதி. அதற்குள் வேலையை விட்டால் போயே போச்சு. ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்தால், அதுவரை கொடுத்த ஆப்ஷன் முழுவதும் வாரிசுக்குச் சேரும்.

தலைவலி தொடங்குவது பங்காக மாற்றும் நாளில். 1,000 ஆப்ஷன், பேசிய விலை 10 ரூபாய், அன்றைய மதிப்பு 510 என்று வைப்போம். நீங்கள் கட்டுவது 10,000. ஆனால் இடைப்பட்ட 5 லட்சத்தை வருமான வரிச் சட்டம் சம்பளமாகவே பார்க்கிறது. 30% வரம்பில் இருப்பவருக்குச் செஸ் சேர்த்து 1,56,000 ரூபாய் வரி. பங்குச்சந்தையில் பட்டியலிடாத கம்பெனி என்றால் அந்தப் பங்கை விற்க எளிதில் ஆள் கிடைக்காது. வரியோ சம்பளத்தில் பிடித்தாகிவிடும்! பிறகு விலை 200-க்கு இறங்கினால்? கட்டிய வரி திரும்ப வராது. அந்த நஷ்டம் மூலதன நஷ்டம் என்பதால் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

இதற்காக 2020 பட்ஜெட்டில் ஸ்டார்ட்அப் ஊழியர்களுக்கு ஒரு சலுகை வந்தது. வரியைச் சுமார் 5 ஆண்டு தள்ளிப்போடலாம். ஆனால் அதற்குள் பங்கை விற்றாலோ வேலையை விட்டாலோ 14 நாளில் வரி கட்டியாக வேண்டும். தவிர, கம்பெனிக்கு டிபிஐஐடி (மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் மட்டும் போதாது, வரிவிலக்குக்கான தனிச் சான்றிதழும் வேண்டும். அது இல்லாத ஸ்டார்ட்அப்பில் இருப்பவருக்கு இந்தச் சலுகை ஏட்டுச் சுரைக்காய்தான்.

என்னைக் கேட்டால், பட்டியலிடாத கம்பெனியில் ‘ஃபேன்டம் ஸ்டாக்’ மேல். பங்கே கைமாறாது; விலை ஏறிய அளவைக் குறித்த காலத்தில் ரொக்கமாகத் தருவார்கள். முழுவதும் சம்பள வரிக்குள் வரும், சரி, ஆனால் பணம் வந்த பிறகுதான் வரி. ஆர்எஸ்யூ (நிபந்தனை நிறைவேறியதும் பங்காகவே தரும் திட்டம்) என்றால் பங்கு இலவசமாகவோ பெயரளவு விலைக்கோ வரும். வரி மட்டும் பங்கு கைக்கு வரும்போதே விழும்.

கையெழுத்துப் போடுமுன் எச்ஆரிடம் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: வேலையை விட்டபின், வெஸ்ட் ஆன ஆப்ஷனைப் பங்காக மாற்ற எத்தனை நாள் தருவார்கள்?