ரோட்டரி, லயன்ஸ் நண்பர்களுக்கு ஒரு சமரசரின் வேண்டுகோள்

செப்டம்பர் 21 வந்தால் நீலகிரியில் எங்காவது ஒரு பேனரைப் பார்த்துவிடலாம். உலக அமைதி தினம் என்ற எழுத்து, ஒரு வெள்ளைப் புறா, கீழே சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் படங்கள். வழக்கறிஞராகவும் கோர்ட் சமரச மையத்தில் சமரசராகவும் வேலை பார்ப்பதால் எனக்கு அந்தப் புறாமேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. சங்கங்கள்மேல் சந்தேகமில்லை. அமைதிக்காக அவர்கள் செய்த பெரிய காரியம் ஒன்று நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஓர் இலங்கைக் கதை இருக்கும். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொண்ட 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் அரசு இங்கே டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களைப் போட்டது. அந்த வீடுகளிலும் அதிகம் பேசப்படாத செய்தி இது: 1990-களின் நடுவில், போர் கடுமையாக நடந்துகொண்டிருந்தபோதே, இலங்கையில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்தன. அதற்காகப் பேசியது யுனிசெஃப்பும் ரோட்டரியும். ரோட்டரி தரப்பில் போலியோ குழுவுக்குத் தலைமை வகித்தவர் கே. ஆர். ரவீந்திரன். அவருடைய தொழில் தேயிலைப் பாக்கெட் அச்சிடுவது (நம்மூர் டீ ஃபேக்டரி முதலாளிகள் கவனிக்க). பின்னாளில், 2015-16-ல், உலக ரோட்டரிக்கே தலைவரானார். இலங்கைக்குப் பத்தாண்டு முன்பே, 1985-ல், எல் சால்வடாரில் உள்நாட்டுப் போருக்கு நடுவே தடுப்பூசிக்காக இப்படி யுனிசெஃப் முயற்சியில் சண்டை நின்றிருக்கிறது.

ஒரு சமரசராக இதில் நான் கவனிப்பது கேட்கப்பட்டது எவ்வளவு சிறியது என்பதைத்தான். நாட்டைப் பிரி என்றோ, ஆயுதத்தை ஒப்படை என்றோ யாரும் கேட்கவில்லை. குழந்தை வாயில் இரண்டு சொட்டு விழும்வரை சுடாதே, அவ்வளவுதான். யாருக்கும் மானம் போகவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக் காட்டவும் இரு தரப்புக்கும் ஒரு வாய்ப்பு. போர் அதனால் முடிந்துவிடவில்லை. ஆனால் போலியோ போயே போய்விட்டது.

இங்கே என் மேசைக்கு வருபவை பாதைத் தகராறு, வேலித் தகராறு, தண்ணீர்த் தகராறு. ஒன்றைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி. மேலே ஓர் ஊர், கீழே ஒரு காலனி, இரண்டுக்கும் ஒரே ஊற்று. மேலே மோட்டார் போட்டு இழுத்துவிடுகிறார்கள் என்று கீழே சொன்னார்கள். கோடையில் ஊற்றே அவ்வளவுதான் ஊறும் என்று மேலே சொன்னார்கள். ஒருநாள் பைப் உடைந்தது. போலீஸ் வந்தது, சாதிப் பேச்சு வந்தது, அப்புறம் பஸ்ஸில் ஒரே சீட்டில்கூட உட்கார மாட்டோம் என்ற அளவுக்குப் போய்விட்டது.

ஒரு சங்கம் தொட்டி கட்டித் தர முன்வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் தொட்டி, கல்வெட்டு, ரிப்பன், போட்டோ என்று கதை முடிந்துவிடும். இங்கே சங்க உறுப்பினரான பொறியாளர் ஒருவர், செங்கல் இறங்குவதற்கு முன்னால் இரண்டு பக்கத்து ஆட்களையும் ஊற்றுக்குக் கூட்டிப் போனார். கையில் ஒரு பக்கெட், ஒரு வாட்ச். பக்கெட் நிரம்ப எத்தனை விநாடி? காலையில் பார், மாலையில் பார், மழைக்கு முன்னும் பின்னும் பார். அளந்ததை ஒரு நோட்டில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். நான் எத்தனை முறை உட்காரவைத்துப் பேசினாலும் நகராதது அந்த நோட்டில் நகர்ந்தது. “அவனுங்க திருடுறானுங்க” என்ற பேச்சு, “ஏப்ரல்ல என்ன பண்றது?” என்று மாறியது. தொட்டியில் இரண்டு குழாய்களும் ஒரே மட்டத்தில் வைக்கப்பட்டன. வால்வு சாவி ஒரு மாதம் மேலே, ஒரு மாதம் கீழே. மனக்கசப்பு முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பழைய போலீஸ் கேஸை இரண்டு பக்கமும் இன்னும் மறக்கவில்லை. தண்ணீர்ச் சண்டை மட்டும் நின்றது.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சங்கக் கூட்டத்தில் அரசியலும் மதமும் பேசுவதில்லை என்பது பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான், அநியாயம் நடக்கும்போது வாயை மூடிக்கொள்ளச் சாக்காகாத வரை. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியில் பல ரோட்டரி சங்கங்கள் யூத உறுப்பினர்களை வெளியே அனுப்பின. மியூனிக் சங்கம் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஒருவரையே நீக்கியது. இவ்வளவு வளைந்துகொடுத்தும் 1937-ல் அந்தச் சங்கங்கள் கலையத்தான் வேண்டியிருந்தது.

நம் சங்கங்களில் யாரையும் வெளியே அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை, அவர்கள் உள்ளே வந்ததே இல்லை. எஸ்டேட் மேனேஜர், டாக்டர், கடை முதலாளி, என்னைப் போன்ற வக்கீல் என்று வாரக் கூட்டத்தில் பார்க்கும் முகங்கள் ஒரே மாதிரிதான். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்காரரும், பழங்குடிகளான பணியரும் இருளரும் கண் முகாமுக்கும் கம்பளிக்கும் வரிசையில் நிற்கிறார்கள். எதற்கு முகாம், எங்கே முகாம் என்று முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. பகையாளிகளைச் சேர்த்து உட்காரவைக்க வேண்டுமென்றால் முதலில் இரு பக்கத்திலும் நமக்கு ஆள் தெரிந்திருக்க வேண்டும்.

கையிலிருக்கும் வாய்ப்புகளும் வீணாகின்றன. லயன்ஸ் 1988-லிருந்து 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு அமைதி ஓவியப் போட்டி நடத்துகிறது. தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் கான்வென்ட் பிள்ளைகளையும் ஒரே ஹாலில், ஒரே பெயிண்ட் டப்பாவைச் சுற்றி உட்காரவைக்கலாமே. ரோட்டரியின் அமைதிப் படிப்பு உதவித்தொகை சங்க உறுப்பினர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் கிடையாது. வெளியே தெரியாமலே இருப்பதற்கு அதுதான் காரணமோ என்று குறும்பாகத் தோன்றும். வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வருஷா வருஷம் வெளிநாட்டு அதிகாரிகள் குடும்பத்தோடு வருகிறார்கள். கொடி மாற்றிக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பிவிடாமல், அரசுப் பள்ளி ஒன்றில் அவர்கள் ஊரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாம்.

ஜூலை 1 அன்று தலைவர் மாறுவார், புதுத் தலைவருக்குப் புதுத் திட்டம் வேண்டும். தண்ணீர் நோட்டை அடுத்த வருஷம் யார் பார்ப்பது? ஒரு தகராறைக் கையில் எடுத்தால் மூன்று வருஷமாவது அதே ஆள் பொறுப்பில் இருக்கட்டும். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமரசச் சட்டத்தில் சமூக சமரசத்துக்கென்று தனி அத்தியாயமே உண்டு: இரு தரப்பும் சம்மதித்தால், மூன்று பேர் கொண்ட குழு, ஊர் அமைதியைக் கெடுக்கும் தகராறைப் பேசித் தீர்க்கலாம். அந்த மூவரில் உட்காரத் தகுதியான ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நர்ஸ்களும் உங்கள் சங்கங்களிலேயே இருக்கிறார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இப்போதே அவர்கள் பெயரைச் சொல்லிவையுங்கள். இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை அடுத்த பேனரில் புறா இருக்கும் இடத்தில் போடுங்கள்.