சமன்பாடு தெரிகிறது, திருத்தத்தான் முடியவில்லை

கணினியை ஃபார்மட் செய்து, விண்டோஸ் போட்டு, ஆபீஸையும் மறுபடி போட்டாயிற்று. பழைய கணக்கு வினாத்தாள் ஒன்றை வேர்டில் திறக்கிறீர்கள். வர்க்கமூலமும் பின்னமும் அந்தந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. போன வருடத்து 5-ஐ 7 ஆக்கலாம் என்று சமன்பாட்டின் மேல் இரண்டு முறை சொடுக்கினால், எடிட்டர் கிடைக்கவில்லை என்று செய்தி வருகிறது. இன்செர்ட் பகுதியின் ஆப்ஜெக்ட் பட்டியலில் ‘மைக்ரோசாஃப்ட் ஈக்வேஷன் 3.0’ என்ற வரியையே காணோம்.

இன்ஸ்டால் செய்யும்போது எதையோ விட்டுவிட்டோம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ரிப்பேர் ஓட்டிப் பார்ப்பார்கள், ஆபீஸை எடுத்துவிட்டு இன்னொரு முறை போடுவார்கள். பலன் இருக்காது. அந்த எடிட்டரை மைக்ரோசாஃப்டே 2018 ஜனவரியில் வந்த பாதுகாப்பு அப்டேட் மூலம் நீக்கிவிட்டது. அப்டேட் ஆகாமல் கிடந்த பழைய கணினியில் அது அதுவரை பிழைத்திருக்கும். புதிதாகப் போட்டபோது அப்டேட்களும் கூடவே வந்திருக்கும்.

எடிட்டர் போன பிறகும் சமன்பாடு எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது? கோப்பு டாக்எக்ஸ் வகையாக இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். ஒரு நகல் எடுத்து, அதன் பெயரின் கடைசியில் டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே ‘வேர்ட்’ என்றொரு ஃபோல்டர். அதற்குள் ‘மீடியா’வில் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஒரு படம் இருக்கும். திரையில் தெரிவதும் அச்சில் வருவதும் இந்தப் படம்தான். ‘எம்பெடிங்ஸ்’ ஃபோல்டரில் இருப்பது சமன்பாட்டின் உண்மையான தரவு: எது தொகுதி, எது பகுதி, எது அடுக்கு என்ற விவரம் எல்லாம் அதில்தான். இந்தத் தரவை வேர்டுக்குப் படிக்கத் தெரியாது. இது ‘ஈக்வேஷன் 3’ என்ற நிரலுக்கு உரியது என்ற குறிப்பு மட்டும் கோப்பில் இருக்கிறது. நீங்கள் சொடுக்கியதும் விண்டோஸ், நிரல்களின் விவரங்களைக் குறித்துவைத்திருக்கும் தன் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பெயரைத் தேடி, உரிய நிரலை எழுப்ப வேண்டும். கதவிலக்கம் சரியாக இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை.

அந்த நிரலை உருவாக்கியது டிசைன் சயன்ஸ் என்ற நிறுவனம். அவர்களுடைய மேத்டைப் மென்பொருளின் சுருங்கிய வடிவம் இது. ஆபீஸோடு வந்த நிரல்கோப்பு 2000-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டது (கம்பைல் செய்யப்பட்டது). வேர்டுக்குள் இயங்குவதுபோலத் தோன்றினாலும் இது தனி நிரலாகவே ஓடியது. ஆகவே, பின்னாளில் வேர்டைச் சுற்றிக் கட்டப்பட்ட பாதுகாப்பு வேலிகள் எதுவும் இதற்குக் கிடைக்கவில்லை. நிரலின் பகுதிகள் நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் இடம் மாறி அமர்ந்தால், தாக்குபவரால் எது எங்கே இருக்கிறது என்று ஊகிக்க முடியாது. இந்தப் பழைய எடிட்டரோ என்றும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

2017-இல் எம்பெடி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதில் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். சமன்பாட்டுத் தரவில் எழுத்துருவின் பெயரும் இருக்கும். அந்தப் பெயரை வாங்கிவைக்க எடிட்டர் நினைவகத்தில் சிறிய இடம் ஒன்றை ஒதுக்குகிறது. வரும் பெயர் அந்த இடத்துக்குள் அடங்குமா என்று அது அளந்து பார்க்கவில்லை. நீளமான பெயர் வந்தால் இடம் நிரம்பி வழியும். சற்றுத் தள்ளி இருப்பதோ, ‘இந்த வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்’ என்ற முகவரி. வழிகிற எழுத்துகளைக் கணக்குப் பார்த்து அமைத்தால், அந்த முகவரியைத் தாக்குபவர் தன் விருப்பப்படி மாற்றி எழுதலாம். மேக்ரோ அனுமதி கேட்கும் செய்திகூட வராது. வெளியிலிருந்து வந்த கோப்புகளை வேர்ட் திருத்த விடாமல் காட்டும் பாதுகாப்புப் பார்வையைத் (புரொடெக்டட் வியூ) தாண்டி ஆவணத்தைத் திறந்தாலே போதும்.

2017 நவம்பரில் வந்த திருத்தம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. மூல நிரலைத் திருத்தி மறுபடி தொகுத்தால், உள்ளே இருக்கும் பகுதிகளின் முகவரிகள் வழக்கமாக நகர்ந்துவிடும். இந்தத் திருத்தத்தில் எதுவுமே நகரவில்லை. மென்பொருள் ஓட்டைகளுக்குத் திருத்தம் எழுதும் ஸீரோபேட்ச் குழுவினர் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, தொகுத்து முடித்த கோப்பிலேயே யாரோ கையால் கட்டளைகளை மாற்றியிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். நீளத்தைச் சரிபார்க்கும் கட்டளைகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, பக்கத்திலிருந்த கட்டளைகளைச் சுருக்கியிருந்தார்கள். அத்தனை பாடுபட்டும் வேறு ஓட்டைகள் வெளிப்பட்டன. அதன் பிறகே எடிட்டரை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள்.

இதனால்தான் சொல்கிறேன்: பழைய சிடியிலிருந்தோ நண்பரின் கணினியிலிருந்தோ அந்த நிரலைக் கொண்டுவந்து பொருத்தாதீர்கள். அதற்குத் தேவையும் இல்லை. உங்கள் தரவு பத்திரமாக இருக்கிறது, அதை வாசிக்கத் தெரிந்த வேறு நிரல்கள் உண்டு. அப்டேட் ஆன புதிய வேர்டில் பழைய சமன்பாட்டை இரண்டு முறை சொடுக்கினால், வேர்டின் சொந்தச் சமன்பாட்டு வடிவமான ஆபீஸ் மேத்துக்கு மாற்றவா என்று கேட்கும். ஆவணத்தில் உள்ள எல்லாச் சமன்பாடுகளையும் ஒன்றாக மாற்றும் வசதியும் அங்கேயே இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் இத்தகைய சமன்பாடுகளைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். மேத்டைப் வைத்திருப்பவர்கள் மாற்றாமலே திருத்தலாம். சில குறிகள் மட்டும் கோணல்மாணலாகத் தெரிந்தால், எம்டி எக்ஸ்ட்ரா என்ற எழுத்துரு இல்லை என்று பொருள். அதைத் தனியாகப் போட்டால் சரியாகும்.

புதிதாக எழுத 2007 முதலே வேர்டுக்குள் சொந்த எடிட்டர் இருக்கிறது. ஆல்ட் விசையோடு சமக்குறி விசையை அழுத்தினால் வந்துவிடும். இன்செர்ட் பகுதியின் ஈக்வேஷன் பொத்தான் மங்கி வேலை செய்யாமல் கிடந்தால் கோப்பு பழைய டாக் வகை என்று அர்த்தம். டாக்எக்ஸாகச் சேமித்துக்கொண்டு மேலே போங்கள். மாற்றத் தொடங்குவதற்கு முன் பழைய ஆவணத்தை ஒரு பிடிஎஃப் எடுத்து வையுங்கள். அணிகளின் வரிசைகளையும் அடுக்குகளையும் மாற்றியபின் அதோடு வரிக்கு வரி ஒத்துப்பார்க்க உதவும்.